சந்திரபாபுவைப் பற்றிய பத்திரிகைக் குறிப்புகள்: எதை நம்புவது, எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்களும் நண்பர்கள் சிலரும் நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபுவின் ரசிகர்கள். பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ யாராவது அவர் பெயரைச் சொன்னால் உடனே அதை எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறீர்கள். அப்படிச் சேர்ந்த குவியலில் ஒரே சம்பவம் நான்கு விதமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, புதிதாக எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காமல் கேட்ட ஒன்றும் இருக்கிறது: அச்சில் வந்துவிட்டாலே ஒரு செய்தி சான்றாகிவிடுமா?

நான் ஒரு நாளிதழின் நூலகப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். செய்திகளை நறுக்கி, மூலையில் தேதி எழுதி, ஆளுக்கு ஓர் உறை என்று போட்டு வைப்பதுதான் தொழில். பிரபலம் ஒருவர் காலமானால் அரை மணி நேரத்தில் அந்த உறை செய்தி ஆசிரியரின் மேசைக்குப் போயாக வேண்டும். அதிலிருப்பதுதான் மறுநாள் இரங்கல் கட்டுரையாகும். ஆகவே உறைக்குள் ஒரு தவறு நுழைந்தால் அது சாகாது. பத்தாண்டுக்கு ஒரு முறை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறிப்போன விதி இதுதான்: அச்சில் வந்த குறிப்பு, அது அச்சான நாளுக்கு மட்டுமே உறுதியான சாட்சி. 1958-இல் வந்த துணுக்கு, 1958-இல் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லும். 2015-இல் வந்த கட்டுரை, 2015-இல் அவரை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதைச் சொல்லும். அதில் சொல்லப்படும் சம்பவம் நடந்ததா என்பது தனி விசாரணை.

விசாரணையை அசையாத தகவல்களிலிருந்து தொடங்குங்கள். சந்திரபாபு 1927 ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் பிறந்தார். அந்த ஊர் பனிமய மாதாவின் நினைவாகப் பனிமயதாசன் என்ற பெயரும் அவருக்கு உண்டு. தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், பத்திரிகை நடத்தியவர். குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்ததால் மகன் கொழும்பில் படித்தார். முதல் படம் 1947-இல் வந்த 'தன அமராவதி'. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். 1974 மார்ச் 8 அன்று காலமானார். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே குவியலில் கணிசமானவை தாமாகப் பிரியும். இறக்கும்போது வயது 47 என்று ஒரு கட்டுரையில் இருந்தால் அதை எழுதியவர் ஆண்டுகளை மட்டும் கழித்திருக்கிறார் என்று பொருள். பிறந்த நாள் வருவதற்குள் இறந்துவிட்டதால் நிறைந்த வயது 46. சின்னப் பிழைதான். ஆனால் இதே பிழை மூன்று கட்டுரைகளில் இருந்தால் அவை மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சியின் மூன்று நகல்கள் என்று சந்தேகப்படத் தொடங்குங்கள்.

நகல் விவகாரம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. மார்ச் 8-ஐயும் ஆகஸ்ட் 5-ஐயும் ஒட்டித்தான் உங்கள் கைக்கு அதிகக் குறிப்புகள் வந்திருக்கும். நினைவு நாள் கட்டுரைகளை எழுதும் உதவி ஆசிரியருக்குக் கொடுக்கப்படும் நேரம் ஒரு பிற்பகல். அவர் முந்தைய ஆண்டுக் கட்டுரையைத்தான் எடுப்பார், வேறு வழியில்லை. எனவே பத்து நினைவு நாள் கட்டுரைகளில் ஒரே கதை இருந்தால் அது பத்து மடங்கு உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வரிசைப்படுத்தி, கதை முதலில் எந்த ஆண்டில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். சம்பவம் நடந்த பத்தாண்டுக்குள் அது எங்கேயாவது அச்சாகியிருந்தால் மதிப்பு உண்டு. கதாநாயகர்கள் எல்லோரும் மறைந்த பிறகுதான் முதல் முறையாக வெளிவருகிறது என்றால் கதையை ரசியுங்கள், வரலாறாக எழுதிவிடாதீர்கள்.

குடியரசுத் தலைவர் மாளிகைக் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சந்திரபாபு பாடியதைக் கேட்டு டாக்டர் ராதாகிருஷ்ணன் மகிழ்ந்தார், உடனே சந்திரபாபு எழுந்து போய் உரிமையோடு அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பார்கள். ராதாகிருஷ்ணன் பதவியில் இருந்தது 1962 முதல் 1967 வரை. ஆகவே நிகழ்ச்சி அந்த ஐந்தாண்டுக்குள் விழ வேண்டும்; அந்தக் காலத்துக்கு வெளியே தேதி போட்டிருக்கும் எந்தக் குறிப்பையும் ஒதுக்கலாம். பாடினார் என்பது ஓர் அடுக்கு. மடியில் உட்கார்ந்தார் என்பது இரண்டாவது அடுக்கு. அப்போது இன்ன சொற்களைச் சொன்னார் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே அளவு நம்பிக்கை தர வேண்டியதில்லை. பொதுவாக எந்தச் சம்பவத்திலும் முதலில் கெட்டுப்போவது உரையாடல்தான். சொல்பவர் மாறும்போதெல்லாம் வசனம் மெருகேறும். பதிவுக் கருவி இல்லாத அறையில் பேசிய பேச்சு மேற்கோள் குறிக்குள் வந்தால் அதை நான் எழுதியவரின் கைவண்ணம் என்றே எடுத்துக்கொள்வேன்.

1952-இல் ஜெமினி ஸ்டுடியோவில் அவர் தற்கொலைக்கு முயன்ற செய்தியையும் இப்படியே அணுகுங்கள். முயற்சியும் அதன் மேல் நடந்த வழக்கும் வாய்மொழிக் கதையாக இல்லாமல் பொதுப் பதிவில் இருப்பவை. ஆனால் நீதிபதி முன்னால் அவர் என்ன செய்தார், என்ன பேசினார் என்பது நீங்கள் படித்திருக்கும் வடிவத்தில் ஒரு திரைக்கதைக் காட்சி போலவே இருக்கும். அந்தக் காலத்து நீதிமன்றச் செய்தியைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த வசனத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ரசிகர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள், வருத்தமான அதிர்ஷ்டம்தான். அவர் குற்றம் சாட்டப்பட்டு, 1944-இல் தொடங்கி 1947-இல் விடுதலை வரை நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதால், அந்த ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார் என்பதைத் தீர்ப்புகளைக் கொண்டே சொல்லிவிடலாம். சந்திரபாபுவுக்கு அப்படி ஒரு முதுகெலும்பு இல்லை. அதனால்தான் அவரைச் சுற்றிக் கதைகள் இவ்வளவு தாராளமாக வளர்ந்தன.

நினைவுக் குறிப்புகளைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நேரில் இருந்தவர் எழுதியதற்கு எடை அதிகம் என்பது உண்மை. ஆனால் எந்த நாற்காலியிலிருந்து பார்த்தார் என்று கேளுங்கள். 1960-இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசன், நாயகன் சந்திரபாபு. படத்தால் கைப்பணம் போன தயாரிப்பாளரின் குரலும், அதே மனிதருக்குப் பாட்டெழுதிய கவிஞரின் குரலும் ஒரே வாயிலிருந்து வரலாம். இரண்டும் பொய் இல்லை, இரண்டும் பாதி. எம்.ஜி.ஆரை வைத்து சந்திரபாபு தொடங்கி நின்றுபோன 'மாடி வீட்டு ஏழை' பற்றிய குறிப்புகளிலும் இதே கவனம் வேண்டும். அங்கே யார் பக்கத்து ஆள் பேசுகிறார் என்று தெரியாமல் ஒரு வரியைக்கூட நகர்த்தக் கூடாது. கூடவே ஒரு எச்சரிக்கை: அதே தலைப்பில் 1981-இல் சிவாஜி கணேசன் நடித்த படம் ஒன்று வெளிவந்திருக்கிறது. தலைப்பை மட்டும் போட்டுத் தேடினால் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

தொலைக்காட்சி, யூடியூப் பேட்டிகளுக்கு நான் வைத்திருக்கும் உரைகல் எளியது. பேசுபவர் பார்த்ததைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா, படித்ததைச் சொல்கிறாரா? பெரும்பாலும் அவர்களே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. சேனலின் பெயர், ஒளிபரப்பான தேதி, எந்த நிமிடத்தில் பெயர் வருகிறது, பேசியவர் யார் என்ற நான்கையும் குறிக்காமல் ஒரு காணொளித் துண்டை உங்கள் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். தேதியில்லாத நறுக்கு எங்கள் பிரிவில் நேரே குப்பைக் கூடைக்குப் போகும், அது எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி.

அவர் பெயர் போட்டு உலவும் தத்துவ வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல அவர் பாடிய பாட்டின் வரிகள். பாடியவர் அவர், எழுதியவர் வேறொருவர். 1962-இல் வந்த 'அன்னை' படத்தில் அவர் பாடிய, இன்றும் மேற்கோளாக ஓடும் பாட்டு கண்ணதாசனுடையது. குரலும் முகமும் வாழ்க்கையும் அந்த வரிகளோடு அவ்வளவு ஒட்டிப்போனதால் ஜனங்கள் அதை அவருடைய வாக்குமூலமாகவே கேட்கிறார்கள். அந்த ஒட்டுதல் அவருடைய கலை வெற்றி, மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் குறிப்பேட்டில் 'சந்திரபாபு சொன்னது' என்ற தலைப்பின் கீழ் அது வரக் கூடாது.

இனி எங்கே தேடுவது என்பது. ரசிகர்கள் வழக்கமாகத் தேடுவது கட்டுரைகளையும் பேட்டிகளையும்தான். எனக்கு அவற்றைவிட விளம்பரங்கள் மேல் மதிப்பு அதிகம். படம் வெளியாகும் நாளில் நாளிதழில் வரும் விளம்பரத்துக்குப் பொய் சொல்ல வேண்டிய இடமும் உண்டு, சொல்ல முடியாத இடமும் உண்டு. 'மகத்தான வெற்றி' என்பது முதல் வகை. எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எத்தனை காட்சி என்பது இரண்டாம் வகை. அது தவறாக இருந்தால் மறுநாள் டிக்கெட் விற்காது. அதோடு பெயர்களின் வரிசையைப் பாருங்கள். 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி நாயகன், சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். அதற்கு முந்தைய படங்களின் விளம்பரங்களையும் அதற்குப் பிந்தையவற்றையும் அடுக்கி வைத்து, அவருடைய பெயர் எத்தனையாவது இடத்தில், எந்த அளவு எழுத்தில் வருகிறது, படம் போடுகிறார்களா என்று ஒப்பிட்டால் அவருடைய மார்க்கெட் ஏறி இறங்கியதைச் சம்பளக் கதைகளைவிடத் துல்லியமாகப் படிக்கலாம். இன்னாரைவிட அதிகம் வாங்கினார் என்ற கதைகளுக்கு ஒப்பந்தமோ கணக்குப் புத்தகமோ இல்லாதவரை ஆதாரம் கிடையாது. விளம்பரத்தில் எழுத்தின் அளவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

அடுத்தது பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களில் நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், பாட்டு வரிகள், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். சந்திரபாபுவைப் போல மற்றவர்களுக்கும் பின்னணி பாடிய ஒருவரைத் தேடும்போது இவை தங்கம். 1954-இல் வந்த ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில் அவர் எஸ். பாலசந்தருக்காகப் பாடினார். நடிகர் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறிப்பு அகப்படவே அகப்படாது. (அந்த பாலசந்தர் வீணை வித்துவான். கே. பாலசந்தர் என்று எழுதிய கட்டுரை கிடைத்தால் அதன் மற்ற வரிகளையும் ஒரு கண் குறைவாக நம்புங்கள்.) பழைய சினிமா இதழ்களின் கேள்வி–பதில் பகுதியையும் தவற விடாதீர்கள். வாசகர் கேட்ட ஒரு வரிக் கேள்வி, ஆசிரியரின் ஒரு வரிக் குத்தல். அன்றைய ரசிகன் எதை அறிய ஆசைப்பட்டான் என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும். நடிகரைப் புகழும் கட்டுரைக்குப் பின்னால் தயாரிப்பாளரின் விளம்பர ஆள் இருக்கலாம். கேள்வி கேட்டவன் பெரும்பாலும் தன் காசில் தபால் அட்டை வாங்கி எழுதியவன்.

இணையத்தில் தேடும்போது உங்களை வதைப்பவர் ஆந்திரத்துக்காரர் என்று ஊகிக்கிறேன். 'சந்திரபாபு' என்று விழிப்பூட்டல் (புதுச் செய்தி வந்தால் தானாக அறிவிக்கும் வசதி) வைத்தால் நாள்தோறும் நாயுடு வருவார், தேர்தல் காலத்தில் மணிக்கு ஒருமுறை வருவார். தேடுசொல்லோடு கழித்தல் குறி போட்டு 'நாயுடு' என்பதை விலக்குங்கள், 'ஜே.பி.', 'நகைச்சுவை', 'பாடகர்' ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். கலைவாணர் ரசிகர்களுக்கு இதே தலைவலி கலைவாணர் அரங்கத்தால் வருகிறது. கொரோனா காலத்தில் சட்டப்பேரவையே அங்கே கூடியபோது அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. இன்னொன்று: மேற்கோள் குறிக்குள் 'சந்திரபாபு' என்று இட்டால் பல இடங்களில் 'சந்திரபாபுவின்', 'சந்திரபாபுவுக்கு', 'சந்திரபாபுவை' என்ற வடிவங்கள் தப்பிவிடும். தமிழ் வாக்கியத்தில் பெயர் வேற்றுமை உருபு இல்லாமல் நிற்பதே குறைவு. ஆகவே உருபேற்ற வடிவங்களைத் தனித்தனியாகத் தேடுங்கள். 'சந்திர பாபு' என்று பிரித்தும் 'சந்த்ரபாபு' என்றும் போட்டுப் பாருங்கள். வெறும் 'பாபு'வோடு படத்தின் பெயரைச் சேர்த்தும் முயலுங்கள்.

வருடிய (ஸ்கேன் செய்த) பழைய இதழ்களில் எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள், செய்யும் கூத்து வேறு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவில் அச்சாயின. இன்றைய எழுத்துகளில் பழகிய மென்பொருள் அவற்றில் தடுமாறும். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 'சந்திரபாபு' என்ற பெயரில் அந்த எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. 'கலைவாணர்' என்று தேடுபவருக்கோ லையில் அடி விழும், 'கிருஷ்ணன்' என்றால் ஷகரத்தில் விழும். ஆகவே உங்கள் ஆளின் பெயரைத் தேடும்போது நம்பித் தேடலாம். உடன் சேர்க்கும் சொல்லை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 'சென்னை' என்று சேர்த்தால் பழைய இதழ்களைக் கோட்டை விடுவீர்கள், 'மதுரை' என்றால் சிக்கலில்லை.

நேரில் போக முடிந்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை அங்கே அடித்தளம். பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் நிறைய உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகம், சட்டப்படி வெளியீடுகளின் பிரதிகளைப் பெறும் நூலகங்களில் ஒன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களுக்கும், 1956-இல் செய்த திருத்தம் நாளிதழ், இதழ்களுக்கும் அந்தக் கடமையைக் கொண்டுவந்தன. சந்திரபாபுவின் உச்ச காலம் அதற்குப் பிந்தியது என்பது உங்கள் நற்பேறு. பலரும் மறந்துவிடும் இன்னொரு திசை கொழும்பு. அங்கே படித்தவர், அங்கும் ரசிகர்கள் உள்ளவர். இலங்கைப் பத்திரிகைகளில் அவரைப் பற்றிய பார்வை சென்னையின் கோஷ்டிப் பூசல்களுக்கு வெளியே நிற்கும். வீரகேசரி 1930 முதல் வருகிறது. ஈழத்து வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

கிடைத்ததைப் படமெடுத்துப் பகிரலாமா என்பதற்கு நான் வழக்கறிஞனாகப் பதில் சொல்ல முடியாது, பழக்கத்தில் அறிந்ததைச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பெயர் போடாத எழுத்துக்கும் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பெயர் போட்டு எழுதியவருக்கு அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1958-இல் வந்த பெயரில்லாத துணுக்கின் காலம் 2018-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் கண்ணதாசன் காலமானது 1981 என்பதால் அவர் எழுதிய பாட்டு வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. நாலு வரிக்கு மேல் முழுப் பாட்டையும் தட்டச்சு செய்து போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

நூலகத்துக்குப் போகும்போது ஒன்றைச் செய்யாதீர்கள்: கவுன்டரில் நின்று 'சந்திரபாபுவைப் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்காதீர்கள். இதழ்கள் நடிகர் பெயரில் அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஊழியர் உதட்டைப் பிதுக்குவார், நீங்கள் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவீர்கள். கோரிக்கைச் சீட்டில் இதழின் பெயர், ஆண்டு, மாதம் எழுதுங்கள். முதல் சீட்டில் 1974 மார்ச் மாத நாளிதழ்களைக் கேளுங்கள், 9-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம். அடுத்த சீட்டில் அதே மாதத்து வார இதழ்கள். அவரை அறிந்தவர்கள் உயிரோடு இருந்தபோது, கதைகள் உறையத் தொடங்கும் முன் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. உங்கள் குவியலில் இருக்கும் ஒவ்வொரு கதையையும் அவற்றோடு வைத்துப் பாருங்கள். பிறகு 1958-க்கும் 1961-க்கும் வாருங்கள். 'சபாஷ் மீனா'வும், அவர் நாயகனாக நடித்த 'குமாரராஜா'வும் வந்த ஆண்டுகள் அவை. விளம்பரப் பக்கங்களைப் புரட்ட ஒரு முழு நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.